பிள்ளைகளோடு பார்த்த பட்டணம்

அம்பாசமுத்திரம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சென்னை என்றால் சினிமாவில் வரும் சென்ட்ரல் ஸ்டேஷன், மேட்ச் நடக்கும் சேப்பாக்கம், மழைக்காலத்துச் செய்தியில் வரும் வெள்ளம், அவ்வளவுதான். 2019 கோடையில் என் மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து நிறையவில்லை. மேற்கு மாம்பலத்தில் இருக்கும் அக்கா பல வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், அந்த ஏப்ரலில் மட்டும் போனில் தயங்கினாள். “வரணும்னா வாட்டி. ஆனா இங்க தண்ணிக் கஷ்டம். பிள்ளைகள வச்சுக்கிட்டு நீ சமாளிப்பியான்னுதான் யோசிக்கேன்.” வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். கஷ்டம் தீர்ந்த பிறகுதான் உறவு வீட்டுக்குப் போவது என்றால், அது என்ன உறவு?

முந்தின வருஷம் வடகிழக்குப் பருவமழை பொய்த்திருந்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் நிறைந்தால் 11 டி.எம்.சி.க்கு மேல் தண்ணீர் நிற்கும். அந்த ஜூனில் அதில் ஒரு சதவீதம்கூட இல்லை. நாங்கள் போனது மே கடைசியில், அக்னி நட்சத்திரம் முடியும் சமயம். நெல்லை எக்ஸ்பிரஸில் பிள்ளைகள் செங்கல்பட்டில் கண் விழித்தார்கள். தாம்பரம் தாண்டியதும் பக்கத்துத் தண்டவாளத்தில் மின்சார ரயில் எங்களோடு ஓடி வந்தது. வாசலில் தொங்கிக்கொண்டு வந்த ஓர் இளைஞன் சின்னவனுக்குக் கை காட்டினான். அவனும் எழும்பூர் வரை எதிர்ப்பட்ட எல்லோருக்கும் கை காட்டிக்கொண்டே வந்தான்.

அக்கா வீட்டில் நுழைந்ததும் பிள்ளைகள் கண்ணில் பட்டது கூடத்துச் சுவரில் ஒரு பென்சில் கோடு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் நின்ற உயரத்தை அத்தான் அப்படிக் குறித்து வைத்திருந்தார். மகள் போய் அதனோடு ஒட்டி நின்று பார்த்தாள். கோடு அவள் நெஞ்சுக்கு மேலே இருந்தது.

“இவ்வளவு தண்ணி வந்துச்சா பெரியப்பா? இப்ப அதெல்லாம் எங்க?”

“கடல்ல, தாயீ.”

வேறு என்ன பதில் சொல்வது? நாலாவது வருஷக் கோடையிலேயே, அந்தக் கோட்டுக்குக் கீழே வாளிகளை வரிசையாக அடுக்கிவைத்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் குடும்பம். வீட்டு போர் வற்றிவிட்டது. குழாயில் எப்போதாவது வரும் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்துக்கொள்வார்கள். குளிக்க ஆளுக்கு ஒரு வாளி. கறிகாய் கழுவின தண்ணீர் முருங்கை மரத்துக்கு. துணி அலசின தண்ணீர் கக்கூஸுக்கு. அக்கா இதையெல்லாம் சொல்லிக் காட்டவே இல்லை. செய்துகொண்டே போனாள், பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள்.

எங்கள் ஊரில் குளியல் என்றால் தாமிரபரணிதான். பாபநாசத்து மலையிலிருந்து இறங்கி வரும் ஆறு. கோடையிலும் படித்துறையில் உட்கார்ந்தால் கால் நனையும். அங்கே பிள்ளைகளைக் குளிக்க வைப்பது பாடில்லை, கரை ஏற்றுவதுதான் பாடு. ஒரு வாளித் தண்ணீருக்கு முன்னால் சின்னவன் திகைத்து நின்றான். “இது எனக்கா, எல்லாருக்குமா?” என்று கேட்டான். அக்கா அவனை முக்காலியில் உட்கார வைத்து, முதலில் தலைக்கு ஒரு சொம்பு, அப்புறம் தோளுக்கு, அப்புறம் முதுகுக்கு என்று சொல்லிச் சொல்லி ஊற்றினாள். சோப்பு கொஞ்சமாகத்தான் போட்டாள், நுரை மிஞ்சினால் அலச இன்னொரு சொம்பு வேண்டும். வாளியின் அடியில் மீந்ததைக் காலில் ஊற்றியபோது அவன் விரல்களை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு சொட்டும் வீணாகாமல் பாதம் முழுக்கப் படுகிறதா என்று குனிந்து பார்த்தான். ஊரில் ஆற்றைக் குடைந்து விளையாடுகிறவன். அவனுக்கு யாரும் சிக்கனப் பாடம் எடுக்கவில்லை.

தண்ணி லாரி எந்த நேரத்துக்கு வரும் என்று சொல்ல முடியாது. நாங்கள் இருந்தபோது ஒருநாள் ராத்திரி பதினொன்றுக்கு மேல் வந்தது. தெருவில் மதியத்திலிருந்தே பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் காத்திருந்தன. பச்சை, நீலம், ஆரஞ்சு என்று எல்லாக் கழுத்துகளையும் கோத்து ஒரே கயிறு. யாரும் இடம் மாற்றிவிடக் கூடாது என்பதற்காக. குடத்தின் வயிற்றில் வீட்டு நம்பர் பெயிண்டில் எழுதியிருந்தது. லாரி சத்தம் கேட்டதும் தெருவே எழுந்துவிட்டது. வங்கியில் மேனேஜர் வேலை பார்ப்பவரும், வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணும் அடுத்தடுத்து நின்றார்கள். சண்டை வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். குரல் உயர்ந்தது, ஆனால் அடங்கியும் போனது. ஒரு பாட்டியம்மாவின் குடத்தை யாரோ முன்னால் நகர்த்தி நிரப்பிக் கொடுத்தார்கள். என் மகள் தானும் தூக்குவேன் என்று அடம்பிடித்தாள். எதிர்வீட்டுச் சிறுமி தன் குடத்தில் பாதி நிரப்பினாள், ஆளுக்கு ஒரு கை பிடித்து இருவரும் தூக்கி வந்தார்கள். மறுநாள் காலையில் அந்தப் பிள்ளையின் பெயர், பள்ளி, பிடித்த நடிகர் எல்லாம் இவளுக்குத் தெரிந்திருந்தது.

பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பெரும்பாலும் மால்தான். ஏ.சி. இருக்கும், விளையாட்டு இருக்கும், பாத்ரூம் சுத்தமாக இருக்கும். கடைசிக் காரணம் நியாயமானது. ஆனாலும் எனக்கு மனசு வரவில்லை. கடை எங்கள் ஊரிலும் இருக்கிறது, பெரிதாக இல்லை என்பதுதான் வித்தியாசம். ஒரு பெருநகரம் சின்ன ஊர்ப் பிள்ளைக்குத் தரக்கூடியது, வேறெங்கும் கிடைக்காதது எது? எல்லோர் பணத்திலும் கட்டி, எல்லோருக்கும் திறந்து வைத்திருப்பதுதான். மியூசியம், நூலகம், கடற்கரை, கலங்கரை விளக்கம், அங்கெல்லாம் போய்வர ஒரு ரயில். அதைக் காட்டிவிட்டால் போதும் என்று தோன்றியது.

அந்த ரயில்தான் முதல் அதிசயம். மாம்பலத்திலிருந்து எழும்பூருக்கு டிக்கெட் 5 ரூபாய். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் 1931லிருந்தே ஓடுகிறது. கொள்ளுத் தாத்தா காலத்து ரயில் என்றதும் மகள் ஜன்னல் கம்பியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பெண்கள் பெட்டியில் ஒரு அம்மா முழங்காலில் கூடையை வைத்து மல்லிகை கட்டிக்கொண்டு வந்தார். “எம்மா, நூல்ல கட்டுறாங்க” என்று என் காதில் சொன்னாள் மகள். எங்களுக்கு வாழைநார்தான் பழக்கம். அந்த அம்மாவுக்குக் காது கூர்மை. “நார் இங்க ஏதும்மா? காசு குடுத்து வாங்கணும்” என்றார். பேச்சோடு பேச்சாகச் சின்னவனைத் தன் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார். சேத்துப்பட்டுப் பக்கம் கூவத்தைத் தாண்டியபோது அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு, “என்ன நாத்தம்?” என்றான். ஆறு என்றேன். நம்பவில்லை. பூக்கார அம்மாவிடம் திரும்பிக் கேட்டு உறுதி செய்துகொண்டான். அவரும் “ஆறுதான் கண்ணு” என்றார், குரலில் ஒரு வருத்தத்தோடு.

எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் வியாழனே போனோம். 1851இல் தொடங்கியது. நாட்டின் மிகப் பழைய அருங்காட்சியகங்களில் கொல்கத்தாவுக்கு அடுத்தது. முதலில் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர், வளாகத்தில் உயிரோடு ஒரு புலியும் சிறுத்தைக் குட்டியும் இருந்தபோது கூட்டம் அலைமோதியதைக் கவனித்தார். அதிலிருந்து 1855இல் அங்கேயே ஒரு மிருகக்காட்சி சாலை உண்டானது. பிறகு சென்ட்ரல் பக்கத்துப் பூங்காவுக்குப் போய், 1985இல் வண்டலூருக்குக் குடியேறியது அதன் வாரிசுதான். பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வருவார்கள் என்பதை நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே ஒருவர் மதித்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டுக்குக் கீழே சின்னவன் மல்லாந்து படுத்துவிட்டான். தூக்கி நிறுத்தப் போன என்னைக் காவலுக்கு இருந்த பெரியவர் தடுத்தார். “இருக்கட்டும்மா. நின்னு பாத்தா கழுத்து வலிக்கும். அப்படித்தான் பாக்கணும்.” பையன் அங்கிருந்தே கத்தினான்: “எம்மா, தாத்தா வீட்ல ஓடு பிரிச்சப்போ இப்படித்தான இருந்துச்சு!” உண்மைதான். முதுகெலும்பு உத்தரம், விலா எலும்புகள் சரத்துக் கட்டைகள். அந்த வீட்டை அவன் பார்த்தபோது மூன்று வயது. அது அவனுக்குள் இருந்திருக்கிறது என்பதே அந்த எலும்புக்கூட்டுக்குக் கீழேதான் எனக்குத் தெரிந்தது.

செப்புத் திருமேனிக் கூடத்தில் மகள் ரொம்ப நேரம் நின்றாள். திருவெண்காட்டு அர்த்தநாரி, 11ஆம் நூற்றாண்டுச் சோழர் வேலை. அவள் கைகளை எண்ணினாள். “இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ஒண்ணு. மூணு கைதான் இருக்கு.” ஆண் பாதிக்கு இரண்டு கை, பெண் பாதிக்கு ஒன்று. இடுப்பும் பெண் பக்கம்தான் வளைந்து போகிறது. ஒரே உடம்பில் இந்தத் தோள் அகலம், அந்தத் தோள் ஒடுக்கம். நடுவில் எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று கண்ணால் கோடு போட முடியாது. பிறகு அவள் கேட்டாள்: “சாமிக்கு ஏன் யாருமே மாலை போடல?”

அம்பையிலும் நெல்லையிலும் எத்தனை உற்சவங்களுக்கு நான் போயிருக்கிறேன். பட்டுக்கும் பூவுக்கும் நடுவில் முகம் மட்டும்தான் தெரியும். இப்படி ஒரு இடுப்பு வளைவையோ விரல் மடிப்பையோ பார்த்ததே கிடையாது. ஸ்தபதி செய்தது இங்கேதான் முழுதாகத் தெரிகிறது. ஆனால் மகள் கேட்டதும் சரிதான். தெருவில் இறங்கி வர வேண்டிய சாமி கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது. இரண்டையும் அவளிடம் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, “அப்போ இங்க பாத்துக்கிடலாம், கும்பிட ஊருக்குப் போயிக்கிடலாம்” என்றாள். எனக்கு அதைவிடத் தெளிவாகச் சொல்லத் தெரியாது.

வெளியே வந்ததும் மகளுக்கு அவசரம். எழும்பூர் ஸ்டேஷன் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். ஒரு கட்டணக் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. ஒரு ஹோட்டலில் கேட்டதற்கு, “தண்ணி இல்லம்மா, சாப்பிட வர்றவங்களுக்கே பூட்டித்தான் வச்சிருக்கோம்” என்றார்கள். கை கழுவும் இடத்திலும் ஒரு வாளியும் டம்ளரும்தான் இருந்தன. அந்தக் கோடையில் பல ஹோட்டல்களில் மதியச் சாப்பாட்டையே குறைத்திருந்தார்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கடைசியில் விடுமுறையில் மூடியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தின் வாட்ச்மேன், பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு கேட்டைத் திறந்தார். தன் டிரம்மிலிருந்து அரை வாளி மொண்டு கொடுத்தார். காசு நீட்டினேன். கையை மடக்கிக்கொண்டார்.

மறுநாள் கடற்கரைக்குக் கிளம்பும்போது அக்கா பாட்டிலை நீட்டினாள். மகள் வாங்கவில்லை. “வேண்டாம் பெரியம்மா. தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும்.”

அக்கா என்னைப் பார்த்தாள். அவளும் அப்படித்தான். காலையில் அரை டம்ளர் காபியோடு வேலைக்குப் போய், சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் தண்ணீர் குடிப்பாள். எத்தனையோ வருஷப் பழக்கம். நான் ஆசிரியை. கழிப்பறை சரியில்லாத பள்ளிகளில் பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகள் காலையிலிருந்து வாயை நனைக்காமல் உட்கார்ந்திருப்பதை அறிவேன். அதை எட்டு வயதுப் பிள்ளை ஒரே மத்தியானத்தில் கற்றுக்கொண்டுவிட்டாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. நகரத்தின் அழகு, வளர்ச்சி என்று எவ்வளவோ பேசுகிறோம். ஒரு சிறுமி வீட்டை விட்டு இறங்கும்போது தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கலாமா, கூடாதா என்று யோசிக்க வேண்டியிருந்தால், அந்த நகரத்தில் முதலில் சரி செய்ய வேண்டியது அதுதான். மேம்பாலம் அப்புறம் வரட்டும். பாட்டிலை நான் வாங்கிக்கொண்டேன். வழி முழுக்க அவளை வற்புறுத்திக் குடிக்க வைத்தேன். கேட்பதற்கு வெட்கப்படாமல், கண்ட இடத்தில் எல்லாம் நானே போய் விசாரித்து வைத்தேன்.

மெரினாவில் மணலைப் பார்த்ததும் அவர்களுக்கு ஏமாற்றம். திருச்செந்தூரில் கோயிலை விட்டு இறங்கினால் காலடியில் அலை. இங்கே சாலையிலிருந்து நடக்க நடக்கக் கடல் வரவே மாட்டேன் என்கிறது. நான்கு மணிக்கும் மணல் சுட்டது, சின்னவன் என் இடுப்பில் ஏறிக்கொண்டான். இந்த அகலம் கடல் தானாகக் கொடுத்தது இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வடக்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பினார்கள். தெற்கிலிருந்து கரையோரமாக நகர்ந்து வரும் மணல் அதில் தடுக்கப்பட்டு இந்தப் பக்கம் சேர்ந்தது. வடக்கே ராயபுரத்துக்கு வர வேண்டிய மணல் வராமல் அங்கே கரை அரித்தது. மெரினாவில் நாம் நடக்கிற ஒவ்வோர் அடியும் வடசென்னை மீனவர்கள் இழந்த கரை. பிள்ளைகளுக்கு இதை மணலில் குச்சியால் கோடு கிழித்துச் சொன்னேன். பெரியவள், “அப்போ சுவரை எடுத்துரலாம்லா?” என்றாள்.

சாலைக்கு அந்தப் பக்கம் விவேகானந்தர் இல்லம். 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். அதனால்தான் இப்போதைய பெயர். பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். 1842இல் அமெரிக்க ஐஸ் வியாபாரி ஃபிரெடெரிக் டியூடரின் கம்பெனி கட்டியது. அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்து, கட்டிகளை மரத்தூளில் பொதிந்து, கப்பலில் பாதி உலகத்தைச் சுற்றிக் கொண்டுவந்து இங்கே சேமித்தார்கள். கரையாமலா என்று சின்னவன் கேட்டான். கொஞ்சம் கரையும், மிச்சத்துக்கே லாபம் கிடைத்திருக்கிறது. வாங்கியவர்கள் யார் என்று பெரியவள் கேட்டாள். துரைமார்கள்தான். “காசு இருந்தா எங்கயிருந்தும் தண்ணி வரும்” என்றாள் அவள். அக்கா தெருவின் குடங்கள் அவள் கண்ணுக்குள் இருந்திருக்க வேண்டும். சுண்டலும் மாங்காயும் தின்று, முழங்கால் வரை நனைந்து, ராட்டினத்தில் ஏறி இறங்கி, பிள்ளைகள் அன்று சந்தோஷமாகத்தான் திரும்பினார்கள்.

கலங்கரை விளக்கத்துக்கு வேறொரு நாள் போனோம். 1977இல் கட்டியது. ரொம்ப காலம் பொதுமக்களை விடாமல் வைத்திருந்து 2013இல் திறந்துவிட்டார்கள். லிஃப்ட் இருப்பதால் சின்னப் பிள்ளைகளோடு போகத் தோதான இடம். மேலே காற்று ஆளைத் தள்ளுகிறது. ஒரு பக்கம் முழுக்கக் கடல். சின்னவன் அந்தப் பக்கத்தை விட்டு வரவில்லை. கப்பல், கப்பல் என்று நின்றான். பெரியவள் மறுபக்கம் நகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபுரம், சர்ச், அடுக்குமாடி என்று நான் காட்டிக்கொண்டே வந்தேன். அவள் பார்த்தது வேறு.

“எம்மா, எல்லா மாடியிலயும் கறுப்புத் தொட்டி வச்சிருக்காங்க பாருங்க.”

ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு மொட்டை மாடியிலும் ஒன்றோ இரண்டோ. மேலே நின்று பார்த்தால் சென்னை என்பதே அந்தத் தொட்டிகள்தான் என்று தோன்றும்.

“அதுல எல்லாம் தண்ணி இருக்குமா?”

சிலதில் இருக்கும், பலதில் இருக்காது என்றேன். கண்ணுக்கு முன்னால் அவ்வளவு பெரிய கடல். அதிலிருந்து உப்பை நீக்கிக் குடிநீராக்கும் நிலையங்கள் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் இருக்கின்றன, இரண்டிலும் சேர்த்து ஒரு நாளைக்கு 20 கோடி லிட்டர் எடுக்க முடியும் என்பதையும் சொன்னேன். “அப்படியும் பத்தலயா?” என்று கேட்டுவிட்டு, அதோடு நில்லாமல் பக்கத்தில் நின்றவர்களிடம், “உங்க வீட்டுத் தொட்டி தெரியுதா?” என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டாள். ஒரு கல்லூரிப் பெண் மயிலாப்பூர்ப் பக்கம் கை நீட்டி, “அதோ, அந்த மஞ்சள் வீடு. நேத்து லாரி வந்துச்சு. எங்க தொட்டியில இருக்கு” என்றாள். மகள் அதைக் கேட்டு நிம்மதியானதை என் கண்ணால் பார்த்தேன்.

ஊருக்கு வந்து பள்ளி திறந்த பிறகும் பிள்ளைகள் பேச்சில் சென்னை ஓயவில்லை. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கத்துக்குப் போனது. 50 டேங்கர், 25 லட்சம் லிட்டர். பேப்பரில் படம் பார்த்த மகள் உடனே அக்காவுக்குப் போன் போடச் சொன்னாள். ரயிலிலிருந்து தண்ணீரை எதில் இறக்குவார்கள் என்று கேட்டாள். கீழ்ப்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் குழாய் போட்டிருக்கிறார்களாம் என்று அக்கா சொன்னாள். அடுத்து, அந்த எதிர்வீட்டுப் பிள்ளை நன்றாக இருக்கிறாளா என்று விசாரணை. அடுத்து, இப்போது ஆளுக்கு எத்தனை வாளி.

“இன்னும் ஒண்ணுதான். மழை பெஞ்சா ரெண்டாகும். பொங்கலுக்கு வாங்க, அதுக்குள்ள எல்லாம் சரியாயிரும்.”

“வாரோம் பெரியம்மா. மியூசியத்துக்குத் திரும்பவும் போகணும், இன்னும் பாதி பாக்கல. நீங்க ஒண்ணு மட்டும் செய்யணும். எங்கெங்க பாத்ரூம் இருக்குன்னு முன்னாடியே கேட்டு எழுதி வையுங்க.”

அக்கா எழுதி வைத்தாள். மாம்பலத்திலிருந்து எழும்பூர் வரை ஸ்டேஷன் ஸ்டேஷனாக விசாரித்து, எது திறந்திருக்கும், எதில் தண்ணீர் வரும் என்று ஒரு முழுத்தாளில் குறித்து, பொங்கலுக்கு நாங்கள் போய் இறங்கியதும் மகள் கையில் கொடுத்தாள். அது தனக்கும் உதவியாக இருப்பதாகவும், இப்போதெல்லாம் வேலைக்குப் போகும்போது பாட்டில் எடுத்துக்கொண்டு போவதாகவும் சொன்னாள்.